வரப்பில் நின்ற ஆசிரியை

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டித் திருத்தணியில் நிகழ்த்திய நினைவுரை)



அன்பிற்குரிய ஓர் ஆசிரியையையும் ஒரு பாட்டியையும் நினைவுகூர்ந்து பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தனர். ஒருவரே இரண்டுமாக இருந்தால் மிக நன்று என்றும் சொன்னார்கள். நாங்கள் எண்ணிப் பார்த்தபோது ஒருவர் வரவில்லை. இருவர் வந்து நின்றனர். ஒருவர் கொச்சி நாட்டில் பிறந்து, ஆசிரியையாக விளங்கி, இந்திய அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்த தாட்சாயணி வேலாயுதன் அவர்கள். மற்றவர் எங்கள் வீட்டு ஆயா. ஏட்டில் பெயர் ஏறாத ஒருவரை ஏட்டில் இடம்பெற்ற ஒருவரோடு சேர்த்துப் பேசுவது முறையா என்று சிலர் கேட்கலாம். கேட்டுவிட்டுப் பேச்சை முழுவதும் கேளுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

ஆசிரியர் என்றவுடன் இவ்வூரார்க்கு நினைவில் எழும் பெயர் ஒன்று உண்டு. 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் இத்திருத்தணியில் பிறந்த சர்வேபள்ளி இராதாகிருஷ்ணன் அவர்களின் பிறந்தநாளையே 1962 முதல் நாடு முழுவதும் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம். அது நமக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆயினும் நம் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் பள்ளி மேடையேறி ஒரே ஒருவருடைய வாழ்க்கைக் குறிப்பை மனப்பாடமாக ஒப்புவித்து இறங்குகின்றனர். அவர் அமர்ந்திருந்த அதே அரசியல் நிர்ணய சபையில் நம்மைப் போன்ற குடியில் பிறந்த ஆசிரியை ஒருவரும் அமர்ந்திருந்தார் என்பது அப்பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆசிரியர்களில் பலருக்கும் தெரியாது. எங்களுக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அதனினும் வியப்பான செய்தி, அவர் அச்சபைக்குச் சென்றது கொச்சி நாட்டின் சார்பில் அன்று. சென்னை மாகாணத்தின் சார்பில். 1946இல் திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. பின்னர் 1953இல் ஆந்திரத்துக்குச் சென்று, வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாய் 1960 ஏப்ரல் முதல் நாள் இவ்வூர் தமிழகம் திரும்பிய வரலாற்றை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே, தாட்சாயணி அவர்கள் அச்சபையில் எழுந்து பேசியபோது, சட்டப்படி அவர் நம் ஊரின் குரலாகவும் பேசினார். அப்போது இங்கே நடவு நட்டுக்கொண்டிருந்த எங்கள் ஆயாவின் குரலாகவும் பேசினார். இருவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். ஒருவர் மற்றவரைக் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை.

தாட்சாயணி அவர்கள் 1912ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், எறணாகுளத்தை அடுத்த முளவுகாடு என்னும் தீவில், புலையர் குலத்தில் பிறந்தார். அக்குலத்தார் அந்நாளில் பொதுச்சாலையில் நடக்கக்கூடாது. பெண்கள் மேலாடை அணியக்கூடாது. எதிரே உயர்குலத்தார் வந்தால் தொலைவிலேயே விலகி நிற்க வேண்டும். கூட்டம் கூடுவதற்குக்கூட மன்னருடைய மண்ணில் அவர்களுக்கு இடமில்லை. என் செய்வர்? 1913இல் அவர்கள் காயலுக்குச் சென்றனர். நாட்டுப் படகுகளையும் தோணிகளையும் ஒன்றோடொன்று பிணைத்து, பலகை பரப்பி, நீரின்மேல் மாநாடு நடத்தினர். மண்தானே மன்னருடையது, தண்ணீர் அன்றே என்பது அவர்களுடைய வாதம்! நம்மவர் வரலாற்றில் இத்துணை நயமான வழக்காடல் வேறொன்று உண்டா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பண்டிட் கறுப்பன் போன்ற அறிஞர்கள் துணைநின்ற அம்மாநாட்டை முன்னின்று நடத்தியோருள் தாட்சாயணியின் உறவினரும் இருந்தனர். அப்போது அவர் கைக்குழந்தை.

அக்குழந்தைக்கு இட்ட பெயரே ஒரு கிளர்ச்சி. அக்குலத்துப் பெண்மக்களுக்கு அழகி, காளி, சக்கி, குறும்பை என்பன போன்ற பெயர்களே வழக்கம். தாட்சாயணி என்பது தக்கன் மகளாகிய உமையின் பெயர். ‘இவர்களுக்கு இந்தப் பெயரா?’ என்று அக்கம்பக்கத்தார் முகஞ்சுளித்தனராம். இன்று நாம் பிள்ளைகளுக்கு வாயில் நுழையாத பெயரெல்லாம் வைக்கிறோம். எவரும் ஒன்றும் கேட்பதில்லை. பெயர் வைப்பதற்கும் துணிவு வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது.

மேலாடை அணிந்து பள்ளிக்குச் சென்ற முதல் தலைமுறைப் பெண்களுள் ஒருவராக அவர் வளர்ந்தார். கொச்சி அரசின் உதவித்தொகை பெற்று எறணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் பயின்றார். அறிவியல் வகுப்பில் அவர் ஒருவரே பெண். இளைஞர்கள், சிறப்பாகப் பெண்பிள்ளைகள், இவ்விடத்தைச் சற்று ஊன்றிக் கேட்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்துகாட்டிய ஆசிரியர் அவருக்கு அதைக் காட்ட மறுத்தார். அருகில் வரவிடவில்லை. தாட்சாயணி தொலைவில் நின்றபடி பார்த்தார். குடுவையில் நிறம் மாறுவதை, படிவு இறங்குவதை, ஆவி எழுவதைத் தொலைவிலிருந்தே கண்டு நெஞ்சில் எழுதிக்கொண்டார். 1935இல் பட்டம் பெற்றார். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் என்று அவரைக் குறிப்பர்.

ஏகலைவன் கதையை நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். கட்டைவிரலைக் கொடுத்தவன் கதையைச் சொன்னது போதும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. தொலைவில் நின்று கற்றபின் கட்டைவிரலைக் கொடாமல் பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்த இந்தப் பெண்ணின் கதையைச் சொல்லலாமே.

பின்னர்ச் சென்னையில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1935 முதல் 1945 வரை திருச்சூர், திருப்பூணித்துறைப் பகுதி அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியையாகப் பணியாற்றினார். பத்தாண்டுக் காலம்! அப்பத்தாண்டுகளில் அவரிடம் பயின்ற பிள்ளைகள் எத்தனை பேர், அவர் கரும்பலகையில் எழுதியவை எவை என்பனவெல்லாம் காற்றோடு போயின. ஆசிரியத் தொழிலின் இயல்பே அது. மேடைப் பேச்சைச் சுருக்கெழுத்தர் எடுத்துவைப்பர். வகுப்பறைப் பேச்சை எடுத்துவைப்பார் யார்?

ஆனால் அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை அவர் குடும்பத்தார் பதிந்து வைத்துள்ளனர். எங்கள் பேச்சுக்குத் தலைப்பே அதுதான். ஒருநாள் பள்ளி முடிந்து அவர் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். இருபுறமும் நெல்வயல், நடுவே ஒருவர் மட்டுமே நடக்கத்தக்க வரப்பு. எதிரே உயர்குலப் பெண்மணி ஒருவர் வந்தார். வயலில் இறங்கி வழிவிடுமாறு ஆசிரியைக்குக் கட்டளையிட்டார். தாட்சாயணி இறங்கவில்லை. கடந்து போக வேண்டுமானால் நீங்கள் இறங்கிப் போகலாம் என்று சொல்லிவிட்டு நின்றார். இறுதியில் சேற்றில் கால்வைத்துச் சென்றவர் எதிரே வந்தவரே.

இதைப் படித்த அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் ஆயாவை அழைத்து வர வேண்டியிருக்கிறது.

எங்கள் ஆயா இவ்வூருக்கு வடக்கே, தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்தவர். நாற்று முடிகளை ‘ஒகட்டி, ரெண்டு, மூடு’ என்று தெலுங்கில் எண்ணுவார். முடி குறைந்தால் தமிழில் திட்டுவார். கணக்குக்கு ஒரு மொழி, கோபத்துக்கு ஒரு மொழி. நடவு, களை, அறுப்பு என்று ஆண்டு முழுதும் வயலிலேயே அவர் வாழ்வு கழிந்தது. சிறுவயதில் கூழ்க்கலயத்தைச் சுமந்துகொண்டு நாங்கள் அவர் பின்னே போவோம். வரப்பில் எதிரே எவரேனும் வந்தால் (எவர் என்று சொல்ல வேண்டுவதில்லை) ஆயா ஒரு சொல்லும் பேசாமல் வயலில் இறங்கிவிடுவார். கணுக்கால் வரை சேறு ஏறும். எங்கள் கையையும் பிடித்து இழுத்து இறக்குவார். வந்தவர் கடந்து நெடுந்தொலைவு போனபின்தான் மீண்டும் வரப்பேறுவோம். ஒருமுறை, ‘ஏன் ஆயா நாம் இறங்க வேண்டும்?’ என்று கேட்டோம். ஆயா சொன்ன விடை: ‘நாளைக்கு நடவுக்குக் கூப்பிட மாட்டாங்க, கண்ணு.’

சாத்திரம் சொல்லவில்லை, சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லவில்லை. நடவுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்றார். தீண்டாமையைப் பற்றி எத்தனையோ நூல்களைப் பிற்காலத்தில் படித்தோம். அந்த ஒரு வரிக்கு மேல் அவற்றில் நாங்கள் புதிதாகக் கற்றது சிறிதளவே.

ஆசிரியை நின்றதற்கும் ஆயா இறங்கியதற்கும் இடையே இருந்தது துணிவின் ஏற்றத்தாழ்வு என்று எவரும் கருதிவிடக் கூடாது. எங்கள் ஆயா கோழை அல்லர். நள்ளிரவில் பாம்பு புகுந்த குடிசைக்குள் விளக்கை எடுத்துக்கொண்டு தனியே போனவர் அவர். இடையே இருந்தது மாதச் சம்பளம். அரசு கொடுத்த சம்பளம்; வரப்பில் எதிரே வந்தவர் நிறுத்த முடியாத சம்பளம். அந்தச் சம்பளத்துக்குப் பின்னால் இருந்தது பட்டம். பட்டத்துக்குப் பின்னால் இருந்தது உதவித்தொகை. அதற்கும் பின்னால் இருந்தது நீரின்மேல் கூடிய அந்தக் கூட்டம். ஆகவேதான் கல்வி, கல்வி என்று இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக வாய் வலிக்கச் சொல்லி வருகிறது.

ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆயினும் எங்களுக்கு முதல் ஆசிரியை அவரே என்று தயங்காமல் சொல்வோம். மாலையில் சிமினி விளக்கை ஏற்றி வைத்து எங்களைச் சுற்றி உட்கார வைப்பார். ‘சத்தமாப் படி’ என்பார். வரியின்மேல் விரல் வைத்துப் படிக்க வேண்டும். விரல் தாவினால் தலையில் குட்டு விழும். எழுத்தறியாதவருக்கு என்ன தெரியப் போகிறது என்று நாங்கள் ஒருநாள் பாடத்தில் நான்கு வரியைத் தாண்டிப் படித்தோம். ஆயா நிறுத்தினார். ‘முந்தாநாள் படிக்கும்போது அந்த ராசா ஆத்தைத் தாண்டினானே, இன்னிக்கு எப்படித் தாண்டாமலே அந்தக் கரைக்குப் போனான்?’ என்றார். ஒருமுறை காதால் கேட்ட பாடம் அவ்வளவும் அவர் நெஞ்சில் இருந்தது. அன்று முதல் நாங்கள் வரி தாண்டியதில்லை. எழுத்தை எழுத்தாகப் படிக்கும் பழக்கம் எங்களுக்கு எந்தப் பள்ளியிலும் வரவில்லை, ஆயாவின் மடியருகேதான் வந்தது.

மீண்டும் தாட்சாயணி அவர்களிடம் வருவோம். 1940 செப்டம்பரில், வார்தாவை அடுத்த சேவாகிராமத்தில், காந்தியடிகளும் கஸ்தூரிபாவும் முன்னிற்க, வேலாயுதன் என்பாரை மணந்தார். தொழுநோயாளர் ஒருவர் அத்திருமணத்தை நடத்திவைத்தார். 1945இல் கொச்சிச் சட்டசபைக்கு நியமிக்கப் பெற்றார். மறு ஆண்டே காங்கிரசுக் கட்சியின் சார்பில் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது 34. அச்சபையில் இருந்த பெண்கள் பதினைவர். அவர்களுள் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் இவர் ஒருவரே.

1946 டிசம்பர் 9ஆம் நாள் சபை கூடியது. பத்தே நாளில், 19ஆம் நாள், அவர் எழுந்து பேசினார். அரசியல் நிர்ணய சபை சட்டம் ஒன்றை எழுதித் தருவதோடு நில்லாமல், மக்களுக்குப் புதிய வாழ்வமைப்பு ஒன்றையும் ஆக்கித்தர வேண்டும் என்னும் கருத்தை அன்று வற்புறுத்தினார். ஏழு கோடி மக்களைச் சிறுபான்மையினர் என்று ஒதுக்கிவைத்துச் சிற்சில காப்புகளைத் தருவதை ஏற்க மறுத்தார். சமுதாயத் தளைகள் உடனே அகல வேண்டும் என்றார். பட்டியல் வகுப்பினர் என்றோ அரிசனர் என்றோ எப்பெயரிட்டு அழைத்தாலும், பிறருக்குப் பொருளாதார அடிமைகளாய் இருக்கும்வரை தனித்தொகுதி, கூட்டுத்தொகுதி என்னும் ஏற்பாடுகளால் பயனில்லை என்று 1947 ஆகஸ்டில் வாதிட்டார். இக்கருத்தைப் படித்தபோது ‘நடவுக்குக் கூப்பிட மாட்டாங்க’ என்ற ஆயாவின் சொல் எங்கள் காதில் ஒலித்தது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதை மூடி மறைத்துப் பேச எங்களுக்கு விருப்பமில்லை. இம்மண்டபத்தில் மாலை சூட்டப்பெற்று நம் முன் விளங்கும் படம் அண்ணல் அம்பேத்கர் அவர்களுடையது. தனித்தொகுதி வேண்டும் என்று வட்டமேசை மாநாட்டில் வாதாடி வென்றவர் அவர். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் அதை இழக்க நேர்ந்தபோது அவர் பட்ட வேதனையை நாம் அறிவோம். அந்தத் தனித்தொகுதியை வேண்டாம் என்றவர் தாட்சாயணி. அண்ணலின் எதிர் வரிசையில், காங்கிரசில் இருந்தவர். வரைவு அரசியல் சட்டம் 1948 நவம்பரில் சபைக்கு வந்தபோது, அதிகாரம் முழுவதும் மத்திய அரசில் குவிகிறது என்று அதையும் குறை கூறியவர். அப்படிப்பட்டவரை நம் மலரில் ஏன் போற்ற வேண்டும் என்று ஒரு நண்பர் எங்களை நேரிலேயே கேட்டார். நியாயமான கேள்வி.

எங்கள் விடை இதுதான். தனித்தொகுதி பற்றி அண்ணலின் பக்கமே நாங்கள் நிற்கிறோம். பொருளாதார அடிமைத்தனம் நீங்கும்வரை தொகுதியால் பயனில்லை என்பது உண்மையானால், தொகுதி இல்லாமல் அந்த அடிமைத்தனத்தை நீக்கப் பேசுவார் யார் என்ற வினாவுக்கு தாட்சாயணி அவர்களின் பேச்சில் எங்களுக்கு விடை கிடைக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு, அவரைப் போற்றவும் செய்கிறோம். அண்ணலோடு மாறுபட்டவர் எல்லாரையும் வரலாற்றிலிருந்து துடைத்துவிட்டால் நமக்கு எஞ்சும் வரலாறு மிகவும் ஒல்லியாக இருக்கும். தமிழ்நாட்டில் அன்னை மீனாம்பாள் சிவராஜ் அவர்கள் அண்ணலின் பட்டியல் வகுப்பினர் கூட்டமைப்பில் நின்று பணியாற்றினார். காங்கிரசின் வழியே சென்றவர் தாட்சாயணி. இருவர் வழியும் வேறு. இருவரும் நமக்கு வேண்டும். காங்கிரசார் அவரைத் தம் தலைவர் வரிசையில் வைக்கவில்லை. நாமோ அவர் காங்கிரசுக்காரர் என்று விட்டுவிட்டோம். இரு வீட்டாரும் கூப்பிடாத விருந்தாளியாய் அவர் வரலாற்றின் திண்ணையில் நெடுங்காலம் நின்றார்.

அதே தாட்சாயணி, தீண்டாமை ஒழிப்புப் பிரிவு சபைக்கு வந்தபோது அதை நெஞ்சார ஆதரித்தார். 1948 நவம்பர் 29ஆம் நாள் அப்பிரிவு நிறைவேறிற்று. வரைவில் 11ஆம் பிரிவாக இருந்த அதுவே இன்று நாம் வழக்கு மன்றங்களில் எடுத்துக் காட்டும் 17ஆம் பிரிவு. சட்டத்தை எழுதிவிட்டால் போதாது, நாட்டு மக்கள் வருங்காலத்தில் எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அதன் வாழ்வு அமையும் என்று அன்றே எச்சரித்தார். பத்தாண்டுகள் வகுப்பறையில் நின்றவருக்குத்தான் இது தெரியும். விதியைப் பலகையில் எழுதிப் போட்டதும் பிள்ளைகள் திருந்திவிடுவார்கள் என்று எந்த ஆசிரியையும் நம்புவதில்லை அன்றோ?

பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கலாம். இடைக்கால நாடாளுமன்றத்தில் 1952 வரை இருந்தார். அவர் கணவரும் அதில் உறுப்பினர். அதன்பின் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் பணியாற்றினார். ஐந்து மக்களை வளர்த்தார். 1971இல் கேரளத்தில் நாடாளுமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றார். 1977இல் தில்லியில் பெண்களுக்கென மகிளா ஜாக்ரிதி பரிஷத் என்னும் அமைப்பைத் தொடங்கினார். அறுபத்தைந்து வயதில் மீண்டும் ஒரு தொடக்கம்! மறு ஆண்டு ஜூலை 20ஆம் நாள் காலமானார். அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 2019இல், கேரள அரசு அவர் பெயரால் மகளிர்க்கு விருது ஒன்றை அறிவித்தது. காலந்தாழ்ந்து வந்தாலும் வந்ததே என்று மகிழ்ந்தோம்.

இளைஞர்களே, ஒன்றை மட்டும் உங்களிடம் வெளிப்படையாகப் பேச விரும்புகிறோம். நம் குடியிருப்புகளில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பெண்பிள்ளைகள் இன்று பலர். மகிழ்ச்சி. அறிவியல் பிரிவு எடுத்தவர்களும் உளர். ஆனால் கல்லூரி என்றதும் ‘பஸ்ஸில் அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?’ என்கிறோம். ‘அந்தப் பணத்தில் நகை எடுக்கலாமே’ என்கிறோம். சங்கம் நடத்தும் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பிள்ளை ஒருத்தி ஒரு வாரமாக வரவில்லை என்று விசாரித்தால், நிச்சயம் முடிந்துவிட்டது என்கிறார்கள். அந்தப் பிள்ளையை ஆய்வுக்கூடத்திலிருந்து தள்ளி நிறுத்தியது எந்த உயர்குல ஆசிரியரும் இல்லை. நாம்தாம். இதைச் சொல்வதால் சில தந்தையர்க்கு எங்கள்மேல் வருத்தம் வரக்கூடும். வரட்டும். வருத்தத்தோடு வீடு சென்று, மகளை உட்கார வைத்து, என்ன படிக்க விரும்புகிறாய் என்று ஒருமுறை கேட்டால் எங்களுக்குப் போதும்.

எங்கள் ஆயாவின் முடிவையும் சொல்லிவிடுகிறோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராக வந்தது உங்களுள் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தெருவிளக்கடியில் பாய் விரித்து முதியவர்களுக்கு எழுத்தறிவித்தார்கள். எழுபதைத் தாண்டிய ஆயா முதல் நாளே போய் உட்கார்ந்தார். கண் சரியாகத் தெரியவில்லை. நடவு நட்டு நட்டு வளைந்த விரலில் பென்சில் நிற்கவில்லை. மூன்று மாதமாயிற்று அவர் பெயரில் உள்ள நான்கு எழுத்தை எழுத. எழுதி முடித்த அன்று சிலேட்டை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். பாராட்டை எதிர்பார்த்து வந்தார் என்றே எண்ணினோம். அவரோ, ‘விரல் வைச்சுப் படி’ என்றார். நாங்கள் அரசு வேலையில் இருந்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள்; விரல் வைத்து அந்நான்கு எழுத்தையும் உரக்கப் படித்தோம். ‘தாண்டலையே?’ என்று கேட்டார். இல்லை என்றோம். சிலேட்டை எங்கும் துடைக்காமல் மாடத்தில் வைத்தார். அடுத்த நாள் பாடத்துக்கு வேறு சிலேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

மலர்க் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தோம், அவர்களும் இசைந்துள்ளனர். மலரின் கடைசி எட்டுப் பக்கங்கள் நம் பாட்டிமார்களுக்கு. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஆயாவின் பெயரையும், ஊரையும், அவர் செய்த தொழிலையும், அவர் சொன்ன ஒரு சொல்லையும் ஒரு தாளில் எழுதி இம்மாத இறுதிக்குள் செயலாளரிடம் தர வேண்டும். படம் இல்லையே என்று தயங்க வேண்டா. எங்கள் ஆயாவுக்கும் படம் இல்லை. பெயரே தெரியாதவர்கள், வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே இன்றிரவு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க மாலை வகுப்புப் பிள்ளைகள் வாயிலருகே தாளும் பேனாவுமாக அமர்ந்திருக்கிறார்கள்.